புது நாய் எங்கிருந்து? பிரீடரா, காப்பகமா, தெரிந்தவர் வீடா?

கேள்வி, ஜனவரி 6

முதல் நாய் வாங்கப் போகிறோம். வீட்டில் ஐந்து வயதுப் பையன் இருக்கிறான். பகலில் எப்போதும் ஒரு ஆள் வீட்டில் உண்டு. லாப்ரடார் குட்டி என்பது வரை முடிவாகிவிட்டது. காப்பகத்து நாய் என்றால் முன்பு என்ன நடந்தது, என்ன பழக்கம் என்று ஒன்றும் தெரியாது. கடையில் வாங்கினால் நோயோடு வரும் என்கிறார்கள். சான்றிதழ் உள்ள பிரீடரிடம், அதாவது குட்டி பிறப்பித்து விற்பவரிடம், வாங்கிவிட்டால் கவலை இல்லை என்று நினைக்கிறேன். சரிதானே?

ஜனவரி 6, இரவு

எந்தச் சான்றிதழ்? பிரீடர்கள் முதலில் எடுத்து நீட்டுவது பெரும்பாலும் வம்சாவளிச் சான்றிதழ். இந்தக் குட்டிக்கு அப்பா இது, தாத்தா இது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. இடுப்பு மூட்டு கெட்டுப்போன இரண்டு நாய்களைச் சேர்த்தாலும் அந்தத் தாள் கிடைக்கும்.

லாப்ரடாருக்கு நீங்கள் கேட்க வேண்டியது தாய், தகப்பன் இரண்டின் பரிசோதனை முடிவுகளையும். இடுப்புக்கும் முழங்கை மூட்டுக்கும் எக்ஸ்ரே, கண் பரிசோதனை, அப்புறம் விழித்திரை தேய்ந்துபோகும் நோய்க்கும் கடுமையாக ஓடினால் பின்னங்கால் துவண்டு விழும் நோய்க்கும் மரபணுச் சோதனை. கடைசி இரண்டும் ஒடுங்கு மரபணு விவகாரம், அதாவது தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் நோய். தாயும் தகப்பனும் பார்க்க ஜம்மென்று இருக்கும், ஆனால் இரண்டும் கடத்தியாக, அதாவது தனக்கு நோய் இல்லாமல் மரபணுவை மட்டும் சுமப்பதாக, இருந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது.

எக்ஸ்ரே எந்த வயதில் எடுத்தது என்பதையும் கேளுங்கள். நாய்களின் மூட்டு எக்ஸ்ரேயை மதிப்பிடும் அமெரிக்காவின் ஓ.எஃப்.ஏ. என்ற அமைப்பு இடுப்புக்கு இறுதி மதிப்பீடு தர நாய்க்கு 24 மாதம் நிரம்பியிருக்க வேண்டும். பிரிட்டன் திட்டத்தில் 12 மாதம். ஒரு வயது தாண்டாத தாய்க்கு 'எல்லா டெஸ்டும் ஆச்சு' என்றால் எங்கேயோ கணக்கு இடிக்கிறது.

'டாக்டர் பார்த்துட்டார், குட்டி சூப்பர்' என்பது மேற்சொன்ன எதிலும் சேராது. காது, இதயம், தொப்புள் பார்த்திருப்பார். நல்லதுதான், ஆனால் வேறு விஷயம்.

ஜனவரி 7

பிரீடர், காப்பகம், கடை என்று பிரித்துக்கொண்டு எது பாதுகாப்பு என்று கேட்பதே எனக்கு ஒத்துவரவில்லை. நல்ல பிரீடர் இருக்கிறார், குட்டி உற்பத்தி செய்கிறவரும் தன்னைப் பிரீடர் என்றுதான் சொல்லிக்கொள்கிறார். காப்பகத்திலும் அப்படித்தான். நான் இரண்டே விஷயம் பார்ப்பேன். குட்டி பிறந்து வளர்ந்த இடத்தைக் காட்டுகிறார்களா? உங்களுக்கு முடியாமல் போனால் நாயைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா? இரண்டுக்கும் ஆமாம் என்கிற இடம் எதுவானாலும் யோசிக்கலாம்.

இப்படிப் பேச வைத்தது எங்கள் வீட்டுக்கு வந்த முதல் குட்டி. அப்பா ஒரு விளம்பரம் பார்த்துப் பேசினார். விற்றவர் தன் வீட்டுக்கு வரச் சொல்லவே இல்லை. 'உங்களுக்கு எதுக்கு சார் அலைச்சல், பாதி வழியில நானே கொண்டுவந்து தர்றேன்' என்றார். பெட்ரோல் பங்க் ஓரத்தில் ஒரு அட்டைப்பெட்டியில் குட்டி கைமாறியது. பெட்டிக்கு அடியில் போட்டிருந்த செய்தித்தாள் காய்ந்து மொறமொறவென்று இருந்தது. குட்டியின் வயிறு மட்டும் உப்பலாக, கால்கள் குச்சி குச்சியாக. அதைக் கொழுகொழு என்று நினைத்து எல்லோரும் கொஞ்சினோம். உள்ளே முழுக்கக் குடற்புழு.

மறுநாள் மாலை சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அப்புறம் வாந்தி, ரத்தம் கலந்த பேதி. பார்வோ என்ற வைரஸ் நோய். பிழைக்கவில்லை. விற்றவருக்குப் போன் செய்தால், 'என்கிட்ட இருந்த வரைக்கும் ஓடி விளையாடிட்டு இருந்துச்சு, உங்க வீட்டுலதான் ஏதோ ஒட்டியிருக்கு' என்றார்.

பார்வோ கிருமி உள்ளே போய் நோயாக வெளியே தெரிய வழக்கமாக 3 முதல் 7 நாள் ஆகும். வந்த மறுநாள் படுத்த குட்டி வரும்போதே கிருமியோடு வந்திருக்கிறது. அப்பாவிடம் இதைச் சொல்லி ஆறுதல்படுத்தியவர் எங்கள் டாக்டர்தான்.

ஜனவரி 7, சேர்த்துப் படிக்கவும்

இதே கணக்கில்தான் சில இடங்களில் தரும் '48 மணி நேர உத்தரவாதம்' என்ற வேடிக்கையும் வருகிறது. நோய் வெளியே தெரிய மூன்று நாளாவது ஆகும், உத்தரவாதம் இரண்டு நாளில் முடிந்துவிடும். யார் யோசித்தார்களோ, புத்திசாலி.

ஜனவரி 8

பார்வோவில் குட்டி இறந்த வீட்டுக்கு எப்போது அடுத்த குட்டி கொண்டுவரலாம் என்று ஒருவர் கேட்கிறார். கிருமி மண்ணிலும் தரை இடுக்கிலும் ஒரு வருடம், நிழலான இடமென்றால் அதற்கு மேலும் கிடக்கும். சாதாரணத் தரை லோஷன் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. முதலில் அழுக்கு போகக் கழுவி, அப்புறம் ஒரு பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடமாவது ஈரமாக ஊறவிட வேண்டும். தரைக்கு இது சரி. தோட்டத்து மண்ணை என்ன செய்வீர்கள்? ஊசி முடியாத குட்டியை அங்கே விட முடியாது. தடுப்பூசி முழுக்கப் போட்ட வளர்ந்த நாயைக் கொண்டுவரலாம்.

நாங்கள் காப்பகத்துக்குப் போனதே இதனால்தான். பெரிய மனசெல்லாம் ஒன்றும் இல்லை.

ஜனவரி 10

குட்டி வாங்கப் போகிறவர்கள் கட்டாயம் செய்ய வேண்டிய ஒன்று: மேலுதட்டைத் தூக்கிப் பல்லைப் பாருங்கள். பால்பற்கள் மொத்தம் 28. மூன்றாம் வாரம் முளைக்க ஆரம்பித்து எட்டு வாரத்துக்குள் எல்லாம் வந்துவிடும். ஊசி மாதிரி இருக்கும், விரலை வைத்தால் தெரியும். எட்டு வாரம் என்று சொல்லித் தரும் குட்டிக்கு முன்வெட்டுப்பல் இப்போதுதான் ஈறைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறது, கடைவாயில் விரல் விட்டால் வழவழ என்று ஈறுதான் தட்டுப்படுகிறது என்றால் அதற்கு நாலைந்து வாரம்தான் இருக்கும். சிறிய குட்டியாக இருந்தால் பார்த்ததும் மனசு இளகும், விற்கிறவருக்கும் தீனிச் செலவு மிச்சம். அதனால் வயதைக் கூட்டிச் சொல்வது ரொம்ப சகஜம்.

மூன்று நாலு வாரம் முன்னே பின்னே இருந்தால் என்ன என்று கேட்கக் கூடாது. குட்டிக்கு 3-வது வாரத்திலிருந்து ஏறக்குறைய 12, 14-வது வாரம் வரைதான் உலகத்தை 'இதெல்லாம் சாதாரணம்' என்று ஏற்றுக்கொள்ளும் காலம். அமெரிக்காவில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஸ்காட், ஃபுல்லர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பல வருடம் ஈத்து ஈத்தாகக் குட்டிகளை வளர்த்து இதைக் கவனித்தார்கள். 1961-இல் வெளிவந்த ஒரு சோதனையில் 14 வாரம் வரை மனிதப் பழக்கமே இல்லாமல் வளர்ந்த குட்டிகள் அதன்பிறகு மனிதரை நெருங்கவே மறுத்தன. அந்தக் காலத்தின் முதல் பாதியைக் குட்டி தாயோடும் உடன்பிறப்போடும் கழிக்க வேண்டும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் விளையாட்டு நிற்கும் என்பதை அங்கேதான் கற்றுக்கொள்கிறது. ஐந்து வாரத்தில் பிரித்துக் கொண்டுவந்த குட்டிக்கு அந்தப் பாடத்தை உங்கள் பையனின் கைதான் நடத்த வேண்டியிருக்கும்.

ஆக, நீங்கள் எங்கே வாங்குகிறீர்கள் என்றால், 3 முதல் 8 வாரம் வரை அது எங்கே இருந்ததோ அங்கே வாங்குகிறீர்கள். வீட்டுக்குள் மிக்சி சத்தம், குழந்தை அழுகை, வந்துபோகும் ஆள் என்று இருந்த குட்டியும், பின்கட்டுத் தகரக் கொட்டகையில் கம்பிக்குப் பின்னால் இருந்த குட்டியும் ஒரே தகப்பனுக்குப் பிறந்திருந்தாலும் வேறு வேறு நாய்கள்.

ஜனவரி 11

'குட்டியை நாம் தேர்ந்தெடுக்கக் கூடாது, அதுவே ஓடிவந்து நம்மைத் தேர்ந்தெடுக்கும்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஓடிவந்தது தூங்கி எழுந்த குட்டி. மூலையில் கிடப்பது இப்போதுதான் வயிறு முட்டத் தின்ற குட்டி. ஒரு மணி நேரம் கழித்துப் போங்கள், விதி மாறியிருக்கும்.

ஜனவரி 12

வெள்ளி நிற லாப்ரடார், நீல நிறம், 'டீக்கப்' சைஸ் பற்றிக் கேட்டவர்களுக்கு மொத்தமாக.

அபூர்வ நிறம் என்று விற்பவர் நிறத்துக்காகவே நாயைச் சேர்க்கிறார். மற்றதெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம். வெளிறிய நிற மரபணு சில நாய்களுக்கு முடி கொட்டும் தோல்நோயைக் கொண்டுவருகிறது. புள்ளி சிதறிய மெர்ல் நிறத்தில் இரண்டு மெர்ல்களைச் சேர்த்தால் சராசரியாக நாலில் ஒரு குட்டிக்கு இரட்டை மரபணு போகும். அவற்றில் பல செவிடாகவோ பார்வைக் குறையோடோ பிறக்கும். சாக்லேட் லாப்ரடார் அபூர்வமே இல்லை, ஆனால் பிரிட்டன் மருத்துவமனைப் பதிவுகளை வைத்து 2018-இல் வெளிவந்த ஆய்வில் அதன் இடைநிலை ஆயுள் 10.7 வருடம், மற்ற நிற லாப்ரடார்களுக்கு 12.1. அந்த நிறத்துக்காகக் குறுகிய வட்டத்துக்குள் சேர்ப்பதால் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சந்தேகப்படுகிறார்கள்.

டீக்கப் என்று ஒரு இனமே கிடையாது. ஈத்தில் சிறுத்துப்போனதற்கும், சிறுத்ததையே சேர்த்துச் சேர்த்து எடுத்ததற்கும் வைத்த விற்பனைப் பெயர். ஒரு வேளை சாப்பாடு தவறினால் ரத்தச் சர்க்கரை இறங்கி மயங்கி விழும்.

ஜனவரி 13

'கடைசி ஒரே ஒரு குட்டி, இன்னைக்குள்ள சொல்லலைன்னா வேற ஆளு ரெடி.' அந்த வேறு ஆளுக்கே கொடுக்கச் சொல்லுங்கள்.

ஜனவரி 16

காப்பகம் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லி இழுத்துக்கொண்டே போகிறது.

கேள்வி கேட்டவர் சொன்ன காரணம் 'என்ன பழக்கம் என்று தெரியாது'. எனக்கு அது தலைகீழாகத் தோன்றுகிறது. என்ன பழக்கம் வரும் என்று தெரியாதது குட்டிக்குத்தான். ஏழு வாரத்தில் குட்டியை மல்லாத்திப் பிடித்து, பேப்பரை உருட்டிப்போட்டு, குணத்தைக் கணிக்கும் சோதனைகள் இருக்கின்றன. அதில் வந்த முடிவு வளர்ந்த நாயோடு பெரிதாகப் பொருந்துவதில்லை. 'லாப்ரடார்னா இப்படித்தான்' என்பதும் பாதி நம்பிக்கைதான். 2022-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வில் 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம் கேட்டு, அவற்றில் இரண்டாயிரத்துச் சொச்ச நாய்களின் மரபணுவையும் படித்தார்கள். நாய்க்கு நாய் குணம் மாறுவதில் இனம் விளக்கியது சுமார் 9 சதவீதம். மூன்று வயது நாய் என்றால் உயரம், முடி, குழந்தை ஓடினால் என்ன செய்கிறது, தனியே விட்டால் ஊளையிடுகிறதா, எல்லாம் கண்முன் இருக்கிறது.

இருக்கிறது என்று எழுதிவிட்டேன், ஆனால் காப்பகக் கூண்டுக்குள் இருப்பதை அப்படியே நம்பவும் முடியாது. எங்கள் வீட்டுக்கு வந்தவள் கூண்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அட்டையில் 'மிகவும் சாது' என்று எழுதியிருந்தது. கிட்டப் போனால் கண்ணை மட்டும் திருப்பிப் பார்ப்பாள், காது பின்னால் ஒட்டிக்கிடக்கும், உடம்பு அசையாது. அது சாது இல்லை, பயத்தில் உறைந்துபோனது. வீட்டுக்கு வந்து சில நாள் கட்டிலுக்கு அடியை விட்டு வரவில்லை. சில வாரத்தில் வாசல் மணிக்குக் குரைக்க ஆரம்பித்தாள். அதற்கும் அப்புறம்தான் அவள் செருப்புப் பிரியை என்பது தெரியவந்தது, அதுவும் இடதுகால் செருப்பு மட்டும். காப்பகத்தார் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு வாய்க்கணக்கு சொல்வார்கள்: பயம் தெளிய, வீட்டு நடைமுறை பிடிபட, தன் வீடு என்று உட்கார. விதி இல்லை, ஏறக்குறைய சரியாக வரும்.

ஆகவே கூண்டில் இருக்கும் நாயைவிட, ஒருவர் வீட்டில் தற்காலிகமாகத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் நாய் கிடைத்தால் அதுதான் முதல் சாய்ஸ். அந்த வீட்டுக்காரர் சொல்லும் நாலு வாக்கியம் அட்டையில் எழுதியிருப்பதைவிட மேல். அவரிடம் 'நல்ல நாயா' என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் சொல்வார். சாப்பிடும்போது பக்கத்தில் போனால் உடம்பு விறைக்கிறதா, தூங்கும்போது தொட்டால் என்ன செய்யும், குழந்தையோடு இருந்திருக்கிறதா, எவ்வளவு நேரம் தனியே இருக்கும் என்று கேளுங்கள்.

ஜனவரி 17

காப்பகத்தில் 'லாப்ரடார் கலப்பு' என்று எழுதியிருந்தால் அந்த வார்த்தைக்காக நாயை எடுக்க வேண்டாம். கண்ணால் பார்த்து எழுதும் இனப்பெயரையும் டிஎன்ஏ முடிவையும் ஒப்பிட்ட போதெல்லாம் கண் நிறையத் தடவை தோற்றிருக்கிறது, எழுதியது அனுபவசாலி ஆனாலும்.

ஜனவரி 19

ஏழாம் தேதி நான் 'பிறந்து வளர்ந்த இடத்தைக் காட்டுகிறார்களா' என்பதை ஏதோ சட்டம் மாதிரி எழுதியிருப்பதாக ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார். கால்வாய் ஓரத்தில் கிடந்து எடுத்த குட்டிக்கு எந்த இடத்தைக் காட்டுவது என்கிறார். நியாயம். அந்த விதி, குட்டியைப் பிறப்பித்து விற்கிறவர்களுக்கு. எடுத்துக் காப்பாற்றுகிறவரிடம் கேட்க வேண்டியது வேறு: வந்ததும் எத்தனை நாள் தனியே வைத்திருந்தீர்கள், அந்த நாட்களில் வேறு நாய்க்கு நோய் வந்ததா? புதிதாக வந்த குட்டியை நேரே மற்ற குட்டிகளோடு கலந்துவிடும் இடத்தில் எவ்வளவு பாசம் இருந்தாலும் டிஸ்டெம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோயும் பார்வோவும் சுற்றிக்கொண்டே இருக்கும். கூண்டு கழுவும் ஆள் ஒரே பூட்ஸோடு எல்லாக் கூண்டுக்கும் போகிறாரா என்று பத்து நிமிடம் நின்று பாருங்கள்.

ஜனவரி 21

தாயைப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது என்பவர்களுக்கு. அது தாய்தான் என்று எப்படித் தெரியும்?

ஆறு ஏழு வாரக் குட்டிகளின் தாய் என்றால் காம்புகள் தொங்கும், மடி தளர்ந்திருக்கும், பெரும்பாலும் முடி கொட்டி ஆள் இளைத்திருக்கும். குட்டிகளோடு சேர்த்துவிடச் சொல்லுங்கள். மொத்தக் கூட்டமும் வயிற்றுக்கு அடியில் பாயும். அவள் எழுந்து நகர்வாள், அல்லது பல் குத்துவதால் ஒரு உறுமல் உறுமித் தள்ளிவிடுவாள். வயிறு வழுவழுவென்று, குட்டிகளைக் கண்டுகொள்ளாமல் நிற்கும் அழகான பெண் நாய் வேஷத்துக்கு வந்தவள். இதற்காகவே வாடகைக்கு வீடு எடுத்து, சோபா போட்டு, ஒரு பெண் நாயை உட்காரவைத்து விற்கிற கூட்டமும் உண்டு.

தாயின் குணத்தையும் பாருங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் அந்நியரைக் கண்டு உறுமினால் அது தாய்மை. குட்டிகள் ஓடி விளையாடும் வயதிலும் அவள் மூலையில் நடுங்கிக்கொண்டிருந்தால் அந்த நடுக்கம் ரத்தத்திலும் இறங்கும், தினமும் பார்த்துக் கற்றுக்கொள்வதிலும் இறங்கும்.

இங்கிலாந்தில் 2020 ஏப்ரலில் வந்த லூசி சட்டத்தின் மையம் இதுதான். ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியைக் கடையோ இடைத்தரகரோ விற்கக் கூடாது, பிறப்பித்தவரிடமோ காப்பகத்திலோதான் வாங்க வேண்டும். லூசி என்பது வேல்ஸில் ஒரு நாய்க்குட்டிப் பண்ணையிலிருந்து 2013-இல் மீட்கப்பட்ட கவலியர் ஸ்பானியல் இன நாய். கூண்டிலேயே வைத்து ஈத்து மேல் ஈத்தாக எடுத்ததில் இடுப்பு ஒட்டிப்போய் இருந்தது. 2016-இல் இறந்தது. கலிஃபோர்னியாவில் 2019 முதல் செல்லப்பிராணிக் கடைகள் காப்பகத்து நாய்களைத்தான் வைக்கலாம், பிரான்ஸில் 2024 முதல் கடையில் நாய், பூனை விற்பனையே கிடையாது. சட்டம் வந்ததும் வியாபாரம் நின்றுவிடாது, கடைக்குப் பதில் போனுக்குள் போகும். இருந்தாலும் எல்லோரும் ஏன் தாயைக் காட்டச் சொல்கிறார்கள் என்பது இதிலிருந்து புரியும்.

ஜனவரி 22

'தாயைப் பார்த்தால் குட்டியை விட்டுவிட்டு வர மனசு வராது, பாவம் அந்த இடத்திலிருந்து காப்பாற்றிய மாதிரி ஆகட்டும்' என்று எழுதியவருக்கு: அந்தக் காலிக் கூண்டுக்கு அடுத்த ஈத்து வரும். நாய்க்குச் சினைக்காலம் 63 நாள்தான். பாவப்பட்டு வாங்குவதும் அவருக்கு விற்பனைதான். கூண்டு நிலைமை மோசமாக இருந்தால் விலங்கு நல அமைப்பிடம் சொல்லுங்கள், குட்டியோடு வெளியே வராதீர்கள். எனக்கும் இது லேசாக வரும் பேச்சு இல்லை.

ஜனவரி 24

தெரிந்தவர் வீட்டுக் குட்டி. இதைப் பற்றி யாரும் கேட்காதது ஆச்சரியம், ஏனென்றால் நிறைய நாய்கள் இப்படித்தான் கைமாறுகின்றன.

நல்லது: தாய் சந்தேகமில்லாமல் தாய், குட்டி வீட்டுச் சத்தத்தில் வளர்ந்தது, எட்டு வாரம் வரை விட்டுவைக்கச் சொன்னால் கேட்பார்கள். கெட்டது: தகப்பன் யாரென்று கேட்டால் சிரிப்பார்கள், அல்லது 'இவனேதான், அவளோட அண்ணன்' என்பார்கள். கூடப்பிறந்த இரண்டு நாய்களைச் சேர்த்தால் குட்டிக்கு உள்ளினக் கலப்பு (நெருங்கிய ரத்த உறவுக்குள்ளேயே சேர்ப்பது) அளவு 25 சதவீதம், ஒளிந்திருக்கும் ஒடுங்கு நோயெல்லாம் வெளியே வரப் போதும். தாய்க்கே ஊசி போட்டிராத வீடு என்றால் குட்டிக்குத் தாய்ப்பால் வழி வரவேண்டிய எதிர்ப்பும் குறைவு. இலவசமாக வாங்குகிறோம் என்ற கூச்சத்தில் யாரும் எதையும் கேட்பதில்லை. கேளுங்கள்.

ஜனவரி 26

இரண்டு குட்டி ஒன்றாக எடுத்தால் ஒன்றுக்கொன்று துணை, நமக்கு வேலை குறைவு. யார் சொன்னது? இரண்டு வேலை வரும், கூடவே அவை இரண்டும் சேர்ந்து போடும் திட்டம் என்று மூன்றாவதாக ஒரு வேலையும் வரும்.

ஜனவரி 30

தடுப்பூசி அட்டையை வாசிக்கும் விதம். ஊசி மருந்து பாட்டிலின் ஸ்டிக்கர் ஒட்டி, தொகுதி எண், தேதி, டாக்டர் கையெழுத்து இருக்க வேண்டும். பேனாவால் 'ஊசி 1 ✓' என்று மட்டும் போட்டிருந்தால் அது அட்டை இல்லை, வெறும் காகிதம்.

அப்புறம் தேதியைக் கழியுங்கள். பார்வோ, டிஸ்டெம்பர் கூட்டு ஊசி 6 முதல் 8 வாரத்தில் ஆரம்பித்து, 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் அல்லது அதற்கு மேல் வரை போடுவது. இத்தனை தடவை எதற்கு என்றால், தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி உள்ளே இருக்கும் வரை அதுவே ஊசி மருந்தையும் அடித்துவிடும். அது எந்த வாரத்தில் கரையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும், அதனால் விட்டு விட்டுப் போடுகிறார்கள். எட்டு வாரக் குட்டிக்கு 'எல்லா ஊசியும் முடிஞ்சிருச்சு' என்று ஒருவர் சொன்னால் ஒன்று அவருக்குத் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். அட்டைப்படி மூன்றாவது வாரத்திலேயே முதல் ஊசி என்றால் பிறந்த தேதியில் ஏதோ விளையாட்டு நடந்திருக்கிறது.

மைக்ரோசிப் இருக்கிறது என்றால் அங்கேயே ஸ்கேன் செய்து 15 இலக்க எண்ணை அட்டையோடு ஒப்பிடுங்கள், பதிவை உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். நாய் ஓடிப்போனால் சிப் போனில் இடம் காட்டுமா என்றால், காட்டாது. அதற்குள் பேட்டரியே கிடையாது, ஸ்கேனர் கிட்டே வந்தால் எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான்.

பிப்ரவரி 1

மூன்றாவதாக வந்தவனைப் பற்றி. இவன் பிரீடரிடமிருந்து. தேடும்போது எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டேன்: 'நாளைக்கு எங்களால் வைத்துக்கொள்ள முடியாமல் போனால் இவன் எங்கே போவான்?' சிலர் 'அதெல்லாம் ஏன் சார் இப்ப' என்றார்கள். ஒருவர் தனக்குத் தெரிந்த ஆள் மூலம் விற்றுத் தருவதாகச் சொன்னார். ஒரு அம்மா மட்டும் நிமிர்ந்து பார்த்து, 'என்கிட்டதான் வருவான், வேற யாருக்கும் கொடுக்க மாட்டேன்னு நீங்க எழுதித் தரணும், பத்து வயசானாலும் சரி' என்றார். பிறகு என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். எத்தனை மணிக்குப் போவீர்கள், வருவீர்கள், மாடிப்படி உண்டா, முந்தைய நாய் எப்படிப் போனது. எரிச்சலாக இருந்தது. பார்வோ கதையைச் சொன்னதும், வீட்டில் கடைசியாக எப்போது பிளீச் போட்டீர்கள் என்று கேட்டார். அங்கேதான் எடுத்தேன்.

காப்பகத்து விண்ணப்பப் படிவத்தைப் பார்த்துக் கோபப்படுகிறவர்களும் இதே கேள்விகளுக்குத்தான் கோபப்படுகிறார்கள். தோட்டம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பும் காப்பகமும் உண்டு, அது அதிகப்படி. அடுத்த காப்பகத்துக்குப் போங்கள்.

பிப்ரவரி 4

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். குட்டி பார்க்கப் போன பிரீடரிடம் இரண்டு வயது லாப்ரடார் பெண் நாய் ஒன்று இருக்கிறதாம். எடுத்துப்போன குடும்பம் இடம் மாறியதால் திரும்பி வந்தது. பையன் குட்டிகளை விட்டுவிட்டு அவளிடமே உட்கார்ந்திருந்தானாம். எடுக்கலாமா என்கிறார்.

திரும்ப எடுத்துக்கொள்கிற பிரீடர் என்பது இப்போதே தெரிந்துவிட்டது, அதற்கே பாதி மதிப்பெண். இரண்டு வயது முடிந்திருந்தால் இடுப்பு எக்ஸ்ரே அவளுக்கே எடுத்துப் பார்த்துவிடலாம், பெற்றோரை வைத்து ஊகிக்க வேண்டியதில்லை. குட்டியிடம் அந்த வசதி கிடையாது. முந்தைய குடும்பத்தோடு ஒரு போன் பேச முடியுமா என்று கேளுங்கள். இடம் மாறியது மட்டும்தான் காரணமா என்பது குரலிலேயே தெரியும்.

இன்னொரு நாள் போங்கள், பையனோடு. உட்கார்ந்து கொஞ்சுவதை விட்டுவிட்டு வெளியே நடத்திப் பாருங்கள். பையன் நாலு அடி ஓடட்டும், கத்தட்டும், பந்தைத் தவறவிடட்டும். அவள் துள்ளினால் பரவாயில்லை, லாப்ரடார் துள்ளும். உறைந்து நின்று முறைத்தாலோ, உதட்டை நக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பி ஒதுங்கிக்கொண்டே இருந்தாலோ அவசரப்பட வேண்டாம். அன்றைக்கே முடிவு சொல்ல வேண்டியதில்லை என்று பிரீடரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதும் ஒரு தகவல்தான்.

பிப்ரவரி 5

இரண்டு வயது நாய்க்குப் பெயரை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறார் அதே கேள்விக்காரர். ஆமாம், மாற்றலாம். பழைய பெயரையும் புதுப் பெயரையும் சேர்த்துச் சில நாள் கூப்பிட்டு, திரும்பும்போதெல்லாம் ஏதாவது தின்னக் கொடுங்கள், பழகிவிடும். பையன் வைக்கச் சொல்லும் பெயரைப் பார்த்தேன். தெருவில் நின்று சத்தமாகக் கூப்பிட வேண்டியது நீங்கள்தான், ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.